பாட்டுக் கேட்க போனே போதுமா, தனி பிளேயர் வேண்டுமா?

புது போன் ஒன்று வெளியாகும்போதெல்லாம் கேமரா, பிராசஸர், திரை என்று பேச்சு போகும். பாட்டுக் கேட்பவருக்கு வேண்டிய தகவல் அதில் ஒரு வரிகூட இருக்காது. அந்த போனிலிருந்து கம்பி ஹெட்போனுக்கு எத்தனை வோல்ட் கிடைக்கும், எந்த புளூடூத் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) வேலை செய்யும், மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா? இவற்றைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை: போனும் புளூடூத் இயர்பட்ஸும், போனோடு டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன மாற்றி) வழியாகக் கம்பி ஹெட்போன், ஆண்ட்ராய்டு ஓடும் மியூசிக் பிளேயர், ஆண்ட்ராய்டு இல்லாத எளிய பிளேயர், டிராயரில் சும்மா கிடக்கும் பழைய போன். எதை எடுப்பது என்பதை ஆப்பிளா சாம்சங்கா சோனியா என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வோம். உங்கள் பாட்டு எங்கே இருக்கிறது, ஃபைலாக உங்கள் கையிலா, சந்தா கட்டும் சேவையிலா என்பதுதான் முதல் கேள்வி. இந்த நிறுவனங்களின் போட்டி கால் நூற்றாண்டாக அந்த இடத்தைப் பிடிக்கத்தான் நடக்கிறது.

1998இல் வந்த எம்பி3 பிளேயர்களான எம்பிமேன் எஃப்10, ரியோ பிஎம்பி300 இரண்டிலும் 32 எம்பி நினைவகம்தான். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி பிடிக்கும். ஆகவே அரை மணி நேரப் பாட்டு. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபாடில் 5 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. 1979இலேயே வாக்மேனைக் கொண்டுவந்த சோனி அப்போது எங்கே போனது? சோனியிடம் இசைத்தட்டு நிறுவனமும் இருந்தது. பாட்டு நகலாகிவிடும் என்ற அச்சத்தில் தன் அட்ராக் வடிவத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அதன் நெட்வொர்க் வாக்மேன்கள் எம்பி3-ஐ நேரடியாகப் பாடத் தொடங்கியதே 2004இன் கடைசியில்தான். சிறிய கருவி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் தங்களிடம் ஏற்கெனவே உள்ள எம்பி3-களை முதலில் அட்ராக்குக்கு மாற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்?

ஆப்பிளும் கதவைத் திறந்து வைக்கவில்லை. 2003இல் திறந்த ஐட்யூன்ஸ் கடையின் பாட்டுகளில் ஃபேர்பிளே என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. 2004இல் ரியல்நெட்வொர்க்ஸ் தன் கடைப் பாட்டையும் ஐபாடில் பாட வைக்க ஹார்மனி என்று ஒரு வழி கண்டுபிடித்தது. ஆப்பிள் பின்னர் மென்பொருளைப் புதுப்பித்து அந்த வழியை அடைத்தது. மைக்ரோசாஃப்ட் செய்ததுதான் மிக மோசம். 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்ற முத்திரையைப் பல நிறுவனங்களின் பிளேயர்களுக்குக் கொடுத்து ஊக்கப்படுத்திவிட்டு, 2006 நவம்பரில் தானே சூன் பிளேயரை இறக்கியது. அந்த முத்திரை போட்ட கடைகளில் வாங்கிய பூட்டுப் பாட்டுகள் சூனில் பாடவே இல்லை. சூன் கருவியும் 2011இல் நின்றது. பூட்டில்லாத எம்பி3 வைத்திருந்தவர் மட்டும் இந்தக் கலவரத்தில் எதையும் இழக்கவில்லை.

போனும் பிளேயரும் ஒன்றாவதற்கும் இதே போட்டிதான் காரணம். 2005இல் சோனி எரிக்சன் டபிள்யூ800 வாக்மேன் போன் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று மோட்டோரோலாவின் ரோக்கர் இ1 ஐட்யூன்ஸோடு வெளியானது. கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அதற்கு வரம்பு வைத்திருந்தார்கள். அதே மேடையில் அதே நாளில் ஐபாட் நானோவும் அறிமுகம்! கூட்டாளியின் போன் தன் பிளேயரைத் தின்றுவிடக் கூடாது என்ற கணக்கு. இரண்டே ஆண்டில் ஐபோன் வந்து அந்த வேலையைத் தானே செய்தது. கடைசி ஐபாடான ஐபாட் டச்சை நிறுத்துவதாக ஆப்பிள் 2022 மே மாதம் அறிவித்தது.

ஃபைலின் பூட்டு 2009இல் ஐட்யூன்ஸிலிருந்து போனது. பூட்டு இடம் மாறியது, அவ்வளவுதான். 2016இல் ஐபோன் 7-லிருந்து 3.5 மிமீ ஜாக் போனது. 2019இல் கேலக்ஸி நோட் 10-இலும் போனது. 2021இன் கேலக்ஸி எஸ்21 வரிசையில் மெமரி கார்டு இடமும் போனது. கம்பி போன இடத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இயர்பட்ஸை நிறுத்தியது. இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

போனும் புளூடூத்தும்

நடக்கும்போதும் பேருந்திலும் வீட்டு வேலையிலும் கேட்பவருக்கு இதுவே போதும். வெளிச் சத்தத்தை அடக்கும் வசதியுள்ள நல்ல இயர்பட்ஸ், இரைச்சலான இடத்தில் எந்த விலையுயர்ந்த பிளேயரையும்விடத் தெளிவாகக் கேட்கும். இன்ஜின் உறுமலின் அடியில் புதைந்த நுணுக்கத்தை லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சுருக்கிய) ஃபைல் மீட்டுத் தராது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது கோடெக் பொருத்தம். போனும் இயர்பட்ஸும் இரண்டுமே அறிந்த கோடெக்கில்தான் பேச முடியும். பொதுவானது வேறு இல்லையென்றால், எல்லாவற்றிலும் இருக்கும் அடிப்படை கோடெக்கான எஸ்பிசி-க்கு இறங்கிவிடும். ஐபோன் அனுப்புவது எஸ்பிசி, ஏஏசி இரண்டும்தான். ஆகவே ஐபோன் வைத்திருப்பவர் பெட்டியில் எல்டாக், ஆப்ட்-எக்ஸ் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சாம்சங்கின் சொந்த கோடெக் சாம்சங் போனில் மட்டும் வேலை செய்யும். அதே இயர்பட்ஸை வேறு போனில் இணைத்தால் ஏஏசி அல்லது எஸ்பிசி. சோனியின் எல்டாக், ஆண்ட்ராய்டு 8 (2017) முதல் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலேயே இருப்பதால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கிடைக்கும். போனின் பிராண்டை மாற்றும் எண்ணம் இருந்தால் இது பெரிய வசதி.

எல்டாக் 330, 660, 990 கேபிபிஎஸ் என மூன்று வேகங்களில் ஓடும். விளம்பரத்தில் எப்போதும் 990தான். போன் பின் பாக்கெட்டில் இருக்க, ரயில் நிலையக் கூட்டத்தில் நடந்தால் 990இல் பாட்டு விட்டுவிட்டு வரும். உடம்பு ரேடியோ அலையை உறிஞ்சுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை நெரிசல் வேறு. 660இல் நிறுத்துவது நல்லது. அதற்கு: போனின் 'பில்ட் எண்' வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும், இயர்பட்ஸ் இணைந்திருக்கும்போது அங்கே புளூடூத் ஆடியோ கோடெக் என்பதில் எல்டாக், அதன் கீழே ஒலித் தரம் என்பதில் நடுவில் உள்ளது. பல போன்களில் இணைப்பு அறுந்து மீண்டும் சேர்ந்தால் இந்தத் தேர்வு பழையபடி ஆகிவிடும். அது கோளாறு இல்லை, மீண்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் உண்மையான குறை ஒலியில் இல்லை, ஆயுளில் இருக்கிறது. இயர்பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி மிகச் சின்னது. தினமும் ஏற்றி இறக்கினால் சில ஆண்டுகளில் கேட்கும் நேரம் கண்கூடாகக் குறையும். பெரும்பாலான மாடல்களைப் பிரித்து பேட்டரி மாற்றவும் முடியாது. கம்பி ஹெட்போனுக்கு அந்தக் கவலை கிடையாது. கம்பி பழுதானால் கம்பியை மாற்றலாம்.

போனும் டாங்கிளும்

வீட்டில் உட்கார்ந்து கவனமாகக் கேட்பவரில் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான். விரல் நீள டாங்கிளுக்குள் இருக்கும் 'டாக்' என்ற சிப், டிஜிட்டல் எண்களை மின்னழுத்தமாக மாற்றி ஹெட்போனுக்குத் தருகிறது. இன்றைய மலிவான சிப்புகளே நம் காதின் வரம்பைத் தாண்டிவிட்டன. தவறுவது பெரும்பாலும் பொருத்தத்தில்.

முதலாவது, டாங்கிளுக்குள் டாக் சிப் இருக்கிறதா என்பது. வெறும் கம்பி மட்டுமே உள்ள யூஎஸ்பி-சி மாற்றிகளும் விற்கின்றன. போன் தானே அனலாக் ஒலியை அந்தத் துளை வழியாக அனுப்பினால் மட்டும் அவை பாடும். பிக்சல், ஐபோன் 15 முதல் வந்த ஐபோன்கள் போன்றவை அனுப்புவதில்லை, ஆகவே சத்தமே வராது. பெட்டியில் 'டாக்' என்ற சொல்லோ, 24 பிட்/96 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒலித்தர எண்ணோ இல்லையென்றால் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ஒலியளவு. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் ஐபோனில் ஏறத்தாழ 1 வோல்ட் தரும் அருமையான பொருள். அதையே பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் முழு வால்யூமிலும் ஈனசுரத்தில் பாடும். டாங்கிளுக்குள்ளேயே ஒரு வால்யூம் இருக்கிறது. அது தாழ்ந்த நிலையில் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு தன் மென்பொருள் வால்யூமை மட்டும் ஏற்றிவிட்டு அதைத் தொடாமல் விடுகிறது. யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற செயலி அந்த உள் வால்யூமை ஏற்றிவிடும், ஆனால் அந்தச் செயலிக்குள் பாடும் பாட்டுக்கு மட்டும். ஆண்ட்ராய்டுக்காரர் வேறு டாங்கிள் எடுப்பதே சுருக்கம். இன்னொன்றும் உண்டு: ஐரோப்பியச் சந்தைக்கான அதே ஆப்பிள் டாங்கிள் பாதி வோல்ட்தான் தரும், அங்குள்ள ஒலியளவு விதிக்காக அப்படி. அங்கே விற்கும் பிளேயர்களிலும் இதுபோன்ற வரம்பு வருவதுண்டு. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் எந்தச் சந்தைக்கான மாடல் என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு வோல்ட் போதும்? கணக்கு எளிது: வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். 32 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 31 மில்லிவாட். 300 ஓம் என்றால் 3.3 மில்லிவாட்தான். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் ஹெட்போன் என்றால் அந்த 3.3-இலும் உச்சம் 105 டெசிபெல் வரும், இது சத்தமான பாட்டுக்குப் போதும். மெதுவாகப் பதிவான செவ்வியல் இசைக்கோ, உணர்திறன் (1 மில்லிவாட்டுக்குத் தரும் டெசிபெல்) 90-ஐ ஒட்டிய ஹெட்போனுக்கோ அது பற்றாது. 2 வோல்ட் தரும் டாங்கிள் வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுபவர் மிகச் சிலர்.

4.4 மிமீ பேலன்ஸ்டு ஜாக் உள்ள டாங்கிள்களின் பலனும் இந்த வோல்ட்தான், இரு மடங்கு வரை கிடைக்கும். உணர்திறன் மிகுந்த இயர்போனுக்கு அது தேவையில்லை, 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் கூடும். ஒரு எச்சரிக்கை: 3.5 மிமீ பிளக் உள்ள ஹெட்போனை மாற்றி (அடாப்டர்) போட்டு 4.4 துளையில் செருகக் கூடாது. 3.5 பிளக்கில் இடது, வலது இரண்டுக்கும் எதிர்முனை ஒன்றே. பேலன்ஸ்டு துளையில் அவை தனித்தனி. மாற்றி இரண்டையும் ஒட்டிவிட்டால் பெருக்கி ஷார்ட் ஆகும்.

பல டிரைவர்கள் கொண்ட பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (இது ஜாக் வகை அல்ல, உள்ளே ஒலியெழுப்பும் பகுதியின் வகை) இயர்போன் வைத்திருப்பவர் டாங்கிளின் வெளியீட்டு இம்பிடன்ஸையும் (ஓமில் சொல்லும் மின்தடை) பார்க்கட்டும். அது இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. கூடினால் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஒலியளவு மாறி, இயர்போனின் குணமே மாறிவிடும்.

டாங்கிளின் தொல்லைகள்: கேட்டுக்கொண்டே கம்பி வழியாகச் சார்ஜ் போடப் பெரும்பாலும் முடியாது, கம்பி பிளக்கோடு சேரும் கழுத்தில் ஒடியும், போனைப் பாக்கெட்டில் குத்தி வைத்தால் யூஎஸ்பி துளை தளரும். உட்கார்ந்து கேட்பவருக்கு இவை சிறியவை. நடந்துகொண்டே கேட்பவருக்கு இதுவே இந்த வழியை விடக் காரணமாகும்.

சந்தா சேவையில் அமைப்பை மாற்றாமல் டாங்கிள் வாங்குவதில் பயனில்லை. ஆப்பிள் மியூசிக் 2021இலிருந்து 24 பிட்/192 கிலோஹெர்ட்ஸ் வரை லாஸ்லெஸ் தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் 24 பிட்/44.1 வரை கொண்டுவந்தது. மொபைல் டேட்டா, வைஃபை, டவுன்லோடு மூன்றுக்கும் தரத்தைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். டவுன்லோடை மறந்துவிட்டு, பயணத்தில் குறைந்த தர ஃபைலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

தனி பிளேயர்: ஆண்ட்ராய்டோடும் இல்லாமலும்

சோனியின் என்டபிள்யூ-ஏ306, ஃபியோவின் எம் வரிசை, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் போன்றவற்றில் ஆண்ட்ராய்டு பிளேயர்கள் உண்டு. சந்தா செயலிகள், வைஃபை, மெமரி கார்டு எல்லாம் ஒரே இடத்தில். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து வாங்கும்போதே இதன் வயது ஓடத் தொடங்கிவிடும். பிளேயர் நிறுவனங்கள் பெரும்பாலும் போனுக்குச் செய்வதுபோல் ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்தித் தருவதில்லை. ஏ306 2023இல் ஆண்ட்ராய்டு 12-ஓடு வந்தது. உள்ளே உள்ள டாக் சிப் பத்தாண்டுக்குப் பிறகும் அப்படியே பாடும். சந்தா செயலிதான் ஒரு நாள் 'இந்தப் பதிப்புக்கு இனி ஆதரவில்லை' என்று நின்றுவிடும். பிராசஸரும் போனைவிட மெதுவானது. ஆயிரக்கணக்கான ஆல்பம் கொண்ட நூலகத்தை உருட்டும்போது திணறுவது கண்ணுக்குத் தெரியும். போனை விட்டு முழுதாக விலகி, சந்தாப் பாட்டையும் விடாமல், 300 ஓம் ஹெட்போனையும் ஓட்ட வேண்டும் என்பவருக்கு மட்டுமே இதைச் சொல்வோம்.

ஆண்ட்ராய்டு இல்லாத எளிய பிளேயர் வேறு ரகம். வைஃபை, செயலிகள், அறிவிப்பு எதுவும் இல்லாமல் கார்டில் உள்ள ஃபைலைப் பாடும் வேலை ஒன்றுதான். சொந்தமாக ஃபைல் வைத்திருப்பவருக்கு ஆண்ட்ராய்டு பிளேயரைவிட இது சிறந்த தேர்வு. விலையும் பல மடங்கு குறைவு. எந்த நிறுவனத்தின் சர்வர் மூடினாலும் இது பாடும்.

இடம் எவ்வளவு வேண்டும்? நான்கு நிமிடப் பாட்டு 320 கேபிபிஎஸ் எம்பி3-ஆக 10 எம்பி-க்குச் சற்றுக் குறைவு, சிடி தரத்தில் ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் வடிவில் 25 முதல் 30 எம்பி. 256 ஜிபி கார்டில் சிடி தரத்தில் எட்டாயிரம் பாட்டுக்கு மேல் அடங்கும். 24 பிட்/96 ஃபைல்கள் மூன்று மடங்கு பிடிக்கும், காதுக்குத் தரும் லாபம் மிகக் குறைவு.

தவறும் இடங்கள் பெரும்பாலும் கார்டில்தான். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி கார்டு, நிரம்பும் வரை ஒழுங்காக நடித்துவிட்டுப் பிறகு பழைய பாட்டின் மேலேயே எழுதும். பாதிப் பாட்டில் கிரீச்சென்று கேட்பதற்கு அது ஒரு காரணம். வாங்கியவுடன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும். சில எளிய பிளேயர்கள் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டை மட்டும் அறியும். எக்ஸ்-ஃபேட் கார்டைச் செருகினால் 'கார்டு இல்லை' என்று சொல்லும். மேக்கிலிருந்து நகலெடுத்தால் '._' என்று தொடங்கும் மறைவு ஃபைல்களும் கூடவே வரும். பிளேயர் அவற்றையும் பாட்டென்று எண்ணிப் பட்டியலில் இரட்டைப் பெயர் காட்டும், சிலவற்றில் உறைந்தும் போகும்; கார்டைக் கழற்றும் முன் அவற்றை அழித்துவிட வேண்டும்.

தமிழில் டேக் (ஃபைலுக்குள் இருக்கும் பாட்டு, பாடகர் பெயர்) எழுதி வைத்திருப்பவர் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். எளிய பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை, கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தும் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். எம்பி3 டேக்கை ஐடி3 2.3 பதிப்பில், யூடிஎஃப்-16 குறிமுறையில் சேமித்தால் பழைய பிளேயர்களில் வாய்ப்பு கூடும். அதற்கும் மசியாவிட்டால் கோப்புறைப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே வழி.

ஐபோனில் சொந்த ஃபைல் வைப்பவருக்கும் ஒரு குறிப்பு: மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது. கணினியில் ஃபூபார்2000 மென்பொருளால் ஆப்பிளின் லாஸ்லெஸ் வடிவமான ஏலாக்காக மாற்றி ஏற்றலாம், இரண்டுமே லாஸ்லெஸ் என்பதால் எதுவும் இழக்காது. மாற்ற விருப்பமில்லையென்றால் விஎல்சி செயலி ஃபிளாக்கை அப்படியே பாடும்.

பழைய போன்

பலர் மறந்துவிடும் இந்த வழியை, எதையும் வாங்கும் முன் முயன்று பார்க்க வேண்டும். 3.5 ஜாக்கும் கார்டு இடமும் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன், எளிய பிளேயர் செய்யும் எல்லாவற்றையும் செய்யும், தமிழையும் ஒழுங்காகக் காட்டும். எல்ஜி-யின் வி20 (2016) போன்றவற்றில் குவாட் டாக் என்ற நல்ல ஒலிப் பகுதியே இருந்தது. ஹெட்போனைச் செருகிய பின் அமைப்பில் அதை இயக்க வேண்டும். வி20-இன் பேட்டரியைக் கையால் கழற்றி மாற்றலாம். எல்ஜி 2021இல் போன் தொழிலையே விட்டுவிட்டதால் நல்ல நிலையில் உள்ள புது பேட்டரி கிடைப்பதுதான் சிரமம்.

செய்ய வேண்டியவை: முழுதாக ரீசெட் செய்து, சிம்மை எடுத்து, விமான முறையில் போட்டு, மியூசிக் செயலி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற போன் என்பதால் வங்கிச் செயலியோ மின்னஞ்சலோ அதில் இருக்கக் கூடாது. ஸ்பாட்டிஃபை டவுன்லோடு வைத்திருந்தால் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டுகள் பூட்டிக்கொள்ளும். போனின் பின்மூடி லேசாக எழும்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜ் போடாமல் பேட்டரியை மாற்றக் கொடுக்க வேண்டும்.

இந்த வழிகளில் இரண்டை ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமமாக்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது 'தெளிவாக' இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். கடைகளில் விலை உயர்ந்த பிளேயர் எப்போதும் ஜெயிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். 1 கிலோஹெர்ட்ஸ் தொனி ஃபைல் ஒன்றை இரண்டிலும் ஓட்டி, இயர்போன் துளையை போன் மைக்கில் ஒரே மாதிரி அழுத்திப் பிடித்து, ஒலிமானிச் செயலியில் இரண்டும் ஒரே எண் காட்டும் வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். பிறகு வேறொருவர் மாற்றி மாற்றிச் செருக, எது எதுவென்று பார்க்காமல் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். வித்தியாசம் பிடிபடவில்லையென்றால் பிளேயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். அதன் மாற்றத்தைக் கேட்க இத்தனை சோதனை தேவைப்படாது.